பரணிக்கும் கார்த்திகைக்கும் நடுவில்

எங்கட பெச்சில ஒருத்திக்குப் போன வருசம் கலியாணம் பேசி வந்தது. பெடியன் நல்லவன், இரண்டு வீட்டாருக்கும் பிடிச்சிருந்தது. குறிப்புப் பார்த்த இடத்தில எல்லாம் நிண்டுபோச்சு. அவன் பூரம், இவள் பரணி. இரண்டும் தொடை ரச்சு. ஒரே ரச்சில கட்டக்கூடாது எண்டுட்டாங்க.

"என்ட புள்ள பரணியில்ல, ஆடிக் கார்த்திகையில பிறந்தவள்" என்று அவளுடைய அம்மா இப்பவும் சொல்லுறா. கார்த்திகை என்றால் உதர ரச்சு. பூரத்தோடு அந்தத் தடை இல்லை. ஆனால் காட்ட ஓலையில்லை. பனிச்சங்கேணியில் அவர்களின் பழைய வீட்டோடு 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனவற்றில் அதுவும் ஒன்று. மிஞ்சினது அம்மாவின் ஞாபகம்தான்: விடியப்புறம், பாதி தேய்ஞ்ச நிலா மேல நிண்டது.

அவ சொன்ன நேரத்தை வைத்து நாங்களே பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தோம். வாக்கியத்தில் பரணி. திருக்கணிதத்தில் கார்த்திகை. மாப்பிள்ளை வீட்டார் வாக்கியக்காரர். சித்திரை வருசப்பிறப்புக்கு இரண்டிலும் இரண்டு நேரம் போட்டிருக்கும், மருத்துநீர் எப்ப வைக்கிறது எண்டு வீட்டில சண்டை வரும். அதை இவ்வளவு காலமும் பகிடியாத்தான் எடுத்திருந்தோம்.

நட்சத்திரம் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பங்கு. நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் கிட்டத்தட்ட 8 மணித்தியாலமும் எடுக்கும். அந்த வட்டத்தை 27 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. பங்குகள் சமன், வெள்ளிகள் அப்படியில்லை. திருவாதிரையும் சுவாதியும் நிலா போகிற பாதைக்கு எவ்வளவோ தள்ளிக் கிடக்கின்றன.

வாக்கிய முறையை மூடத்தனம் என்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. 248 நாளுக்கு 248 வாக்கியம்; ஒவ்வொன்றின் எழுத்துகளுக்குள்ளும் நிலா நிற்கும் இடம் எண்ணாக ஒளிந்திருக்கும். பாடமாக்கினவருக்குப் புத்தகமே தேவையில்லை. 1825 இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் நிலத்தில் சிப்பிகளை அடுக்கி, மனப்பாடத்திலிருந்தே அந்த வருசத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜோன் வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதி வைத்திருக்கிறார். தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது, முடிவு 52 நிமிடம். ஆனால் நிலாவைச் சூரியனும் இழுக்கிறது. அதனால் வருகிற ஆட்டம் பழைய வாய்பாட்டில் இல்லை. பூரணையிலும் அமாவாசையிலும் அது பெரிதாகத் தெரியாது. கிரகணம் அதனால்தான் அவ்வளவு கிட்ட வந்தது. பாதி நிலா நாட்களில் சில மணித்தியாலம்கூடத் தவறும்.

இவள் பிறந்ததும் அப்படியொரு பாதி நிலாவில்.

தைப்பொங்கல் கழிஞ்சு, திருக்கணிதப்படி முன்னிரவில் பரணி முடிகிற ஒரு நாளாப் பார்த்து அவளோட ஊருக்குப் போனோம். மழை விட்டிருந்தது. பனிச்சங்கேணிப் பாலத்தில் நிண்டு கழுத்து நோக மேல பார்த்தோம். வளர்பிறை வெளிச்சத்தில் அறுமீன் கூட்டம் சரியாத் தெரியல்ல. பெருவிரலால் நிலாவை மறைத்த பிறகுதான் கண்ணில பட்டது. கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் ஏறக்குறையப் பத்துப் பாகை. நிலாவுக்கும் அறுமீனுக்கும் நடுவில ஒரு முட்டி இடைவெளி.

அந்த இடைவெளியின் இந்த ஓரத்திலதான் பரணி முடியுது. அங்க ஒரு வெள்ளியும் இல்லை. போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். திருக்கணிதப்படி கார்த்திகை தொடங்கிற்று, வாக்கியப்படி இன்னும் பரணி. மேல ஒண்டும் மாறல்ல.

அவளும் முட்டியை நீட்டிப் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். அந்தப் பெடியனுக்கு வேற இடத்தில முடிஞ்சிட்டு என்று பிறகு, தண்ணியைப் பார்த்தபடி சொன்னாள். எங்களுக்கு அது தெரியாது.

வீட்டுக்குப் போனதும் அம்மா பிளேன்டீ ஊத்தித் தந்தா. "என்னவாம் புள்ளையள், கார்த்திகைதானே?" என்று கேட்டா. ஒருத்தன் பாகை, கலை எண்டு விளங்கப்படுத்தத் தொடங்கினான். அவ கேட்டுக்கொண்டிருந்திட்டு, சீனி காணுமா என்று கேட்டா.