காலத்துக்கு முந்தி வந்த கார்



வகுப்பில் காற்றுத் தடை பற்றிப் படிப்பிக்கும்போது நான் ஒரு பழைய அமெரிக்கக் காரின் படத்தைக் காட்டுவேன். பெயர் கிறைஸ்லர் எயார்ஃப்ளோ. 1934இல் வந்தது. படத்தைக் கண்டதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். "சேர், வண்டு மாதிரி இருக்கு!"

அக்காலக் கார்கள் பெட்டி மாதிரி. கண்ணாடி நேராக நிற்கும், விளக்குகள் வெளியே துருத்தி நிற்கும். கிறைஸ்லர் பொறியியலாளர் கார்ல் பிரீயர் குழுவினர் கார் வடிவங்களைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார்கள். அதற்கு ஆலோசனை சொன்னவர், விமானத்தைக் கண்டுபிடித்த சகோதரர்களில் ஒருவரான ஓர்வில் ரைட். முடிவு என்ன தெரியுமா? அன்றைய கார்கள் முன்னோக்கி ஓடுவதை விடப் பின்னோக்கி ஓடினால்தான் காற்றின் தடை குறைவு!

ஆகவே மூக்கை உருட்டினார்கள். விளக்குகளை உடலோடு சேர்த்தார்கள். என்ஜினை முன் அச்சுக்கு மேலே நகர்த்தினார்கள். அதுவரை பின் அச்சின் மேல் இருந்த பின் ஆசனத்தை அதற்கு முன்னால் கொண்டுவந்தார்கள். பஸ்ஸின் கடைசி சீட்டில் குலுங்கிப் போனவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஆனாலும் கார் விற்கவில்லை. அவசரமாகச் சந்தைக்கு விட்டதால் முதலில் வந்தவற்றில் கோளாறுகள் இருந்தன. அதைவிட, அந்த முகம் சனங்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடமே கம்பனி பயந்து முகத்தை மாற்றியது. 1937உடன் உற்பத்தியே நின்றது.

இதற்கிடையில் 1936இல் ஜப்பானில் டொயோட்டாவின் முதலாவது பயணிகள் கார் வந்தது. ஏஏ என்று பெயர். அதன் வடிவம் எயார்ஃப்ளோவைப் பார்த்துச் செய்தது. நம் வீதிகளில் இன்று ஓடும் டொயோட்டாக்களின் மூத்த வாப்பா அதுதான்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. என் வகுப்பில் ஒரு பிள்ளை. புள்ளிகள் குறைவு. ஆனால் பழுதான மின்விசிறியைக் கழற்றிப் பூட்டி ஓட வைப்பான். "இவன் படிச்சது போதும் சேர், கடைக்கு விடப்போறன்" என்கிறார் வாப்பா. வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் சாதாரண தரம் எழுதும் வரையாவது விடுங்கள். பிறகு உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, தொழிற்பயிற்சி இருக்கிறது.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கடைக்கு அனுப்ப முன் ஒருதரம் பாடசாலைக்கு வாருங்கள், இருந்து பேசுவோம்.