ஐந்து காசுக் கணக்கு

எங்கள் வேலையில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் அது வெளியே போகும். படித்தவர் திருப்தியானால் 'அப்ரூவ்' பொத்தானை அழுத்துவார். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் அது ஒரு கையெழுத்து. இப்போது என்னிடம் வருவதில் பெரும்பகுதி ஏஐ எழுதியது. 'மனுஷன் எழுதினா நம்பலாம், மெஷின் எழுதினா சந்தேகப்படணும்' என்கிறார்கள் சிலர். 'மெஷினே மேல் லா' என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே எனக்கு உதவவில்லை.

நாங்கள் செய்வது சிறு கடைகளுக்கான கல்லா மென்பொருள். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும்போது பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள ஐந்து காசுக்குக் கொண்டுவர வேண்டும். 1, 2, 6, 7 காசில் முடிந்தால் குறையும். 3, 4, 8, 9 என்றால் கூடும். ரசீதின் அடியில் 'ரவுண்டிங்' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள், அதுதான். மொத்தத்துக்கு மட்டும்தான் இந்த விதி. தனித்தனிப் பொருளின் விலைக்கு இல்லை. கார்டில் கட்டினால் காசு பிசகாமல் அப்படியே கட்டலாம்.

என் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான். என்னைப் போலவே உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்தப் பகுதியை ஏஐயிடம் கொடுத்து எழுதி வாங்கி அனுப்பினான். படிக்க அழகாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பொருளின் விலையையும் ரவுண்ட் பண்ணிவிட்டுப் பிறகு கூட்டியது. 1 வெள்ளி 3 காசுப் பொருள் மூன்று வாங்கினால் மொத்தம் 3.09, வாடிக்கையாளர் 3.10 கட்ட வேண்டும். இந்த நிரல் 3.15 கேட்கும். ஐந்து காசுதான் வித்தியாசம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பில், எத்தனை கடை!

"அக்கா, டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே?" என்றான். உண்மைதான். டெஸ்டையும் அதே ஏஐதான் எழுதியிருந்தது. பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவரே கேள்வித்தாளும் தயாரித்து, விடையும் எழுதி, திருத்தவும் செய்தால் நூற்றுக்கு நூறுதான் வரும்.

மனிதர் எழுதியதைப் படிக்கும்போது நான் ஆளையும் சேர்த்தே படிக்கிறேன். புரியாமல் எழுதியிருந்தால் அந்தத் தடுமாற்றம் நிரலில் தெரியும். பெயர்கள் குழம்பியிருக்கும். 'இது ஏன்னு தெரியல, எடுத்தா ஓடாது' என்று ஒரு குறிப்பு கிடக்கும். அங்கே நின்று கவனமாகப் பார்ப்பேன். ஏஐ, தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே முத்துமுத்தான கையெழுத்தில் எழுதுகிறது. 'ஏன் இப்படி?' என்று கேட்டால் போதும், 'நீங்கள் சொல்வது சரி' என்று சொல்லிச் சில நேரம் சரியாக இருந்ததையும் மாற்றிவிடும்.

அதற்காக ஆளைப் பார்த்து நம்பிவிடவும் முடியாது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்கு, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடங்களுக்கு மேல் ஒழுங்காக உதவி செய்து, பராமரிக்கும் பொறுப்பையும் பெற்றார். 2024 தொடக்கத்தில் வந்த பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. அதன் முக்கியப் பகுதி டெஸ்டுக்கான கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய அரை விநாடி அதிகமாகிறதே என்று ஆன்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால், மார்ச் இறுதியில் அது பிடிபட்டது. அவர் யாருடைய நல்ல பெயரையும் பார்க்கவில்லை, அளந்து பார்த்தார்.

அதனால் 'யார் எழுதியது?' என்பதை நான் முதல் கேள்வியாக வைப்பதில்லை. இது தப்பானால் யாருக்கு அடிபடும், திரும்பச் சரிசெய்ய முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். பொத்தானின் நிறம் மாறுகிறது என்றால் யார் எழுதினாலும் ஒரு பார்வை போதும். காசு, வரி, பழைய பதிவுகள் என்றால் பத்து வருட அனுபவசாலி எழுதினாலும் சும்மா விடமாட்டேன். அங்கே டெஸ்டில் இருக்கும் விடை, அந்த நிரலிலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது. விதியைப் படித்து, கையால் கணக்குப் போட்டு வந்ததாக இருக்க வேண்டும்.

இதற்கு நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் எழுதியதை ஒரு நாள் ஏன் வைத்திருக்கிறாய் என்று மேலாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். எழுதுவது மலிவாகிவிட்டது, படிப்பது இன்னும் பழைய விலைதான் என்பதே என் பதில்.

என் பயம் வேறு. இந்தத் தப்பு என் கண்ணில் உடனே பட்டதற்குக் காரணம், வேலைக்கு வந்த புதிதில் இதே விதியை நான் உட்கார்ந்து வரிவரியாக எழுதியிருக்கிறேன். தம்பிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காவிட்டால், ஐந்து வருடம் கழித்து அப்ரூவ் பொத்தானுக்கு முன்னால் எதை வைத்துக்கொண்டு உட்காருவான்?

"ஏஐயையே திருத்தச் சொல்லு, பரவாயில்ல. ஆனா முதல்ல பத்து பில் எடுத்து, பேப்பர்ல கணக்குப் போட்டு என்கிட்ட காட்டு" என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் பன்னிரண்டு பில்லோடு வந்தான். ஒன்றில் பாதி ரொக்கம், பாதி கார்டு. "இதுல எதை ரவுண்ட் பண்றது, அக்கா?" ஏஐ எழுதிய எந்த டெஸ்டிலும் அந்தக் கேள்வி இல்லை.

இப்போது மற்றவர்கள் அனுப்பும் காசுக் கணக்குகளை அவனிடமும் படிக்கக் கொடுக்கிறேன்.