மிஸ்ஸி, நீ தமிழ்ப் பிள்ளையா?

தாதி வேலை என்றால் ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, டாக்டர் பின்னால் போவது. எங்கள் தெலுக் பங்லிமா காராங்கில் எஸ்.பி.எம். முடித்த பெண்பிள்ளைகளைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். இந்த வேலைக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகிறது. நான் பார்த்த வரையில் ஊசிக்குப் போகும் நேரம் மிகக் குறைவு. கேட்பதற்கும், எழுதி வைப்பதற்கும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கும்தான் நாள் போகிறது.

எங்கள் ஊர் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் தொழிற்சாலைகள், இன்னொரு பக்கம் செம்பனை, பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு. பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அம்மா பதினெட்டு ஆண்டு தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்தவர். நான் தாதிப் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் பாட்டி, "டிரஸ்ஸர் வேலையா?" என்று கேட்டார். அவர் காலத்தில் காய்ச்சலோ பிரசவமோ, தோட்டத்து டிரஸ்ஸரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

மூன்று ஆண்டு டிப்ளோமா. அதன் பிறகு தாதியர் வாரியத் தேர்வு. அதில் தேறிப் பெயர் பதிவானால்தான் வெள்ளைச் சட்டையோடு வார்டில் நிற்கலாம். படித்ததெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும். தமிழில் நோயைப் பற்றிப் பேச யாரும் கற்றுத் தரவில்லை. அதை எனக்குக் கற்றுத் தந்தது ஓர் அம்மா.

அறுபது வயதைத் தாண்டியவர். தைப்பூசத்தன்று வெறுங்காலோடு வெயிலில் தார்ச் சாலையில் நடந்திருக்கிறார். பாதம் வெந்தது அவருக்குத் தெரியவே இல்லை. மூன்று வாரம் மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டிவிட்டு, வாடை வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டும் என்று மலாயில் விளக்கினார்கள். அவரும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்து, "மிஸ்ஸி, நீ தமிழ்ப் பிள்ளையா? அவங்க என்னம்மா சொல்லிட்டுப் போறாங்க?" என்று கேட்டார்.

டாக்டரைத் திரும்ப அழைத்து வந்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். நரம்பு மரத்துப் போவதையும், இரத்த ஓட்டம் குறைவதையும் எந்தச் சொல்லில் சொல்வது என்று தடுமாறினேன். "கால் தூங்கிடுச்சும்மா. முள்ளு குத்தினாலும் எழுப்பாது" என்றேன். புரிந்துகொண்டார். நெடுநேரம் அழுதார். பிறகுதான் பாரத்தில் பெருவிரல் ரேகை வைத்தார். அந்த அழுகை முதலிலேயே வந்திருக்க வேண்டியது. சொன்னது புரிந்திருந்தால் வந்திருக்கும். நோயாளி தலையாட்டினால் புரிந்துகொண்டார் என்று அர்த்தமில்லை என்பது அன்றிலிருந்து எனக்குப் பாடம்.

மொழி என்பது தமிழ் மட்டும் அல்ல. இயந்திரத்தில் கை நசுங்கி வரும் நேப்பாளத் தொழிலாளிக்கு, "துக்ச?" என்று கேட்டால் முகம் மலர்கிறது. 'வலிக்கிறதா' என்பதற்கு அவர்கள் மொழியில் அந்த ஒரே சொல்தான். கேரி தீவிலிருந்து வரும் மா மெரி பூர்வகுடிப் பாட்டிகளிடம், அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வேலையில் சேர்ந்து சில மாதங்களிலேயே 2021 ஜூலை வந்தது. கோவிட் அலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. உறவினர் உள்ளே வர முடியாது. கைப்பேசியை நோயாளியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்போம். மறுமுனையில் பிள்ளைகள், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்பார்கள். பாதுகாப்பு உடைக்குள் கண்ணீரைத் துடைக்கவும் வழியில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் ஷிப்ட் காலை ஏழுக்குத்தான் முடியும். வீட்டுக்கு வந்து குளித்து, அம்மா போட்டுக் கொடுத்த மைலோவைக் குடிக்காமலேயே தூங்கிப் போன நாள்கள் உண்டு. அழுதுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகக் கற்றுக்கொண்டேன். மனம் கல்லாகிவிட்டதோ என்று பயந்ததும் உண்டு. இல்லை என்று இப்போது தெரிகிறது. சில பெயர்கள் இன்றும் மறக்கவில்லை.

என்னோடு படித்தவர்களில் சிலர் சிங்கப்பூர் போய்விட்டார்கள். அங்கே ஒரு டாலர் நமக்கு மூன்று வெள்ளிக்கு மேல். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தம்பி படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் எனக்கும் இருக்கிறது. ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய் வேலைக் கடிதமும் வாங்கி வந்தேன். அம்மாதான், "போறதுன்னா போ. எனக்காக நிக்காதே" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு, நிற்பதற்கு நானே ஒரு காரணம் தேட வேண்டியதாயிற்று. விரல் எடுக்கப்பட்ட அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். இந்த ஆண்டு இனிப்புநீர் நோயாளிகளுக்கு வழிகாட்டும் மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கடிதம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டும் இங்கேயே இருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இருக்கும் வரை இதைச் செய்யலாம் என்று இருக்கிறேன்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம். வேறு எதில் முதலிடம் வந்தாலும் மகிழலாம், இதில் முடியாது.

ஆகவே வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். கிளினிக் தேதிக்கு இரண்டு நாள் முன்பு கஞ்சி மட்டும் குடித்து எங்களை ஏமாற்றப் பார்க்காதீர்கள். எச்.பி.ஏ.1.சி. சோதனை இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். இனிப்புநீர் உள்ளவர்கள் தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். நேர்த்திக்கடன் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். புண் வந்தால் அன்றே வாருங்கள். அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

பெற்றோரோடு கிளினிக்குக்கு வரும் பிள்ளைகளுக்கும் ஒன்று. கைப்பேசியைக் கொஞ்ச நேரம் பைக்குள் வையுங்கள். டாக்டர் சொன்னதை அம்மாவிடம் தமிழில் சொல்லுங்கள். பிறகு அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டினால் மட்டும் விட்டுவிடாதீர்கள்.