கடல் கடந்த கைகள்

சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை ஒன்று உள்ளது. கால் இழந்தோர்க்குச் செயற்கைக் கால்களும், கால் வலுவிழந்தோர்க்கு இரும்புப் பட்டையும் தோல்வாரும் கொண்ட தாங்கு கருவிகளும் அங்கே செய்து தரப்படுகின்றன. இத்தகைய தாங்கு கருவியை அணிந்து நடப்போரில் நடுவயதைக் கடந்தோர் பலர், குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்திற்கு ஆளானவர்கள். ஒரு நாள் காய்ச்சல் கண்டது. மறுநாள் கால் எழவில்லை. வாழ்நாள் முழுதும் அக்கால் சூம்பியே இருந்தது. இன்று பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர்களுக்கோ அந்நோய் பெரும்பாலும் பெயரளவிலேயே தெரியும். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் தானாக வந்ததன்று.

போலியோ எனப்படும் இந்நோயின் நுண்கிருமி, மாசுபட்ட நீர், உணவு வழியாகக் குடலை அடைந்து அங்கே பெருகுகிறது. தொற்றுக்கு உள்ளாகும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கைகால் செயலிழக்கிறது. எஞ்சியோரில் பெரும்பாலோர் நோயுற்றதை அறியாமலேயே கிருமியைப் பரப்பக்கூடும். வந்தபின் குணமாக்க மருந்தில்லை. வராமல் காப்பது ஒன்றே வழி. ஆதலால், ஒரு தெருவில் ஒரு குழந்தை விடுபட்டாலும் அத்தெரு முழுதும் காக்கப்படவில்லை என்றே பொருள்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்கிருமியியல் அறிஞர் ஜேக்கப் ஜான். ஓர் ஊரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே காலத்தில் சொட்டு மருந்து அளித்தால், கிருமி குடிபுகக் குடலின்றி அழியும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. வேலூர் நகரம் அதற்குச் சான்றாயிற்று. 1988-இல் உலகச் சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிக்க உறுதி பூண்டது. அப்போது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில், ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் பேர்வரை முடமாகி வந்தனர். அதற்கு முன்னரே, 1985-இல், ரோட்டரி இயக்கம் இப்பணியைத் தன் கடமையாக ஏற்றிருந்தது. 1995-இல் இந்தியா தழுவிய சொட்டு மருந்து நாள்கள் தொடங்கின.

அந்நாள்களில் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து ரோட்டரி உறுப்பினர்கள் இந்தியாவுக்கு வந்தனர். வணிகர், ஆசிரியர், ஓய்வுபெற்றோர் எனப் பலதரப்பினர் அவர்களுள் இருந்தனர். பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து தெருத்தெருவாகச் சென்று, குழந்தைகளின் நாவில் இரு துளி மருந்தை இட்டனர். சில நாள்கள் தங்கித் தம் நாடு திரும்பினர். அவர்களுடைய தொண்டின் அளவு என்ன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

துளியை நாவில் இடுவது எவருக்கும் எளிது. மூடிய கதவைத் திறக்கச் செய்வதே அரிது. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், இம்மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுத்துவிடும் என்னும் வதந்தி பரவியிருந்தது. பெற்றோர் பலர் குழந்தைகளை மறைத்தனர். அக்கதவுகளைத் திறந்தவர்கள் அதே தெருவில் வாழ்ந்த பெண்கள், பள்ளிவாசல் இமாம்கள், உள்ளூர் ஆசிரியர்கள். மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சிறுவிரலில் மையிட்டனர். குழந்தை விடுபட்ட வீட்டுச் சுவரில் குறியிட்டு, மறுநாளும் அதன் மறுநாளும் அவ்வீட்டு வாசலுக்கே சென்றனர். ஒரு சுற்றில் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகள். அவர்களைத் தேடிச் சென்றவர்கள் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

அங்ஙனமாயின் அயல்நாட்டார் வந்தது வீணோ? அன்று. அவர்கள் கண்டதைத் தம் ஊரில் எடுத்துரைத்தனர், நிதி திரட்டினர், தம் அரசுகளை உதவத் தூண்டினர். விருந்தினர் செய்யத்தக்க பணி அதுவே; அதனை அவர்கள் செவ்வனே செய்தனர்.

இதனைப் பிற நாட்டுக் குழந்தைகள் மருத்துவமனையில் தொண்டாற்ற விரும்பும் இளைஞரும் நினைவில் கொள்ளல் வேண்டும். எடை பார்த்தல், பெயர் பதிதல், அழும் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுதல் ஆகியன சிறிய பணிகள் அல்ல. ஆனால் தம் ஊரில் செய்ய உரிமையில்லாத மருத்துவப் பணியை அயலூர் ஏழைக் குழந்தையிடம் செய்து பழகுவது தொண்டு ஆகாது. நோயுற்ற குழந்தையின் படத்தை அதன் தாயைக் கேளாமல் ஊரறியக் காட்டுவதும் தொண்டு ஆகாது. அவ்வூர் மொழியில் பத்துச் சொற்களையேனும் கற்றுச் செல்பவர், அங்குள்ள செவிலியர் இட்ட பணியைச் செய்பவர், தாம் திரும்பிய பின்னும் அப்பணி தளராது நடக்க வேண்டும் என எண்ணுபவர் ஆகியோரே நல்ல விருந்தினர்.

2009-இல் இந்தியாவில் 741 குழந்தைகள் இந்நோயால் தாக்குண்டனர். 2011 சனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் சிறுமி ஒருத்தி நோயுற்றாள். இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இந்நாட்டில் தாக்குண்ட கடைசிக் குழந்தை அவளே. 2014 மார்ச் 27 அன்று உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதியைப் போலியோ அற்றதாக அறிவித்தது.

ஆயினும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் உலவுகிறது. அங்கே சொட்டு மருந்துப் பெட்டியுடன் வீடு வீடாகச் சென்ற பெண்கள் சிலர் கொலையுண்டுள்ளனர். அவர்களுள் எவரும் கடல் கடந்து வந்தவர் அல்லர். தம் தெருக் குழந்தைகளுக்காகத் தம் தெருவில் நடந்தவர்கள். சொட்டு மருந்து முகாம் நம் ஊர் அங்கன்வாடியிலும் பேருந்து நிலையத்திலும் இன்றும் நடைபெறுகிறது. தொலைநாட்டில் தொண்டாற்றக் கனவு காணும் மாணவர், முதலில் அங்கே ஒரு நாள் நின்று, விடுபட்ட குழந்தையின் வீட்டைத் தேடிச் செல்லலாம். கதவைத் தட்டவும் காத்திருக்கவும் அங்கே கற்றவருக்கு எந்நாட்டுக் கதவும் திறக்கும்.