வளையாத கம்பு எதுக்கு?

முதலில் ஒரு எழுத்துக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ட்ராலிங் வேறு, ட்ரோலிங் வேறு. கடலடியை அரித்துக்கொண்டே போகிற இழுவலை ட்ராலிங். ஓடும் படகுக்குப் பின்னால் தூண்டிலை விட்டு, இரையைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போவது ட்ரோலிங். ஜூன் மாதமானால் மலையாள சேனல்களில் 'ட்ரோலிங் நிரோதனம்' என்று செய்தி வாசிப்பார்களே, அது இழுவலைக்கான தடை. இன்டர்நெட்டில் வம்புக்கு இழுப்பதற்கும் ட்ரோலிங் என்றுதான் பேர். தூண்டில் போட்டு இழுக்கிற வேலைதானே, பொருத்தம்தான்!

இதைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்யதை என்பீர்கள். என் ஊர் எப்போதும்வென்றான். கரிசல் காடு, பருத்தி, உளுந்து, மிளகாய். மழை ஏமாற்றாத வருஷம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் கிடக்கும். மூங்கில் கம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, கொஞ்சம் மண்புழு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது போதும்.

ஆனால் மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் தூத்துக்குடி பக்கம்தான். அங்கே என்னோடு பி.காம். படித்த சிநேகிதன், நாலு பேரோடு பங்கு போட்டு ஒரு ஃபைபர் படகு வாங்கினான். "மாப்ள, சீலா பிடிக்கப் போறோம். ராடு வாங்கணும்லே, கூட வா" என்றான். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று கொண்டாடுகிற மீன்தான் எங்கள் பக்கத்துச் சீலா.

கடையில் அவன் கண் நேராகப் போனது, இருப்பதிலேயே தடித்த ராடின் மேல். "சுறாவையே தூக்கும் போல இருக்கே!"

படகு ஓட்டக் கூட்டி வந்திருந்த திரேஸ்புரத்து வல்லக்காரர் அதை வாங்கினார். நுனியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார். திருப்பி வைத்துவிட்டார்.

"வளையாத கம்பு எதுக்கு அண்ணாச்சி? மீன் வாயைக் கிழிச்சிட்டுப் போயிரும். இல்லன்னா நரம்பை அத்துக்கிட்டுப் போயிரும்."

அவர் அதுவரை ராடே பிடித்ததில்லை. வெறுங்கையில் நரம்பைப் பிடித்துச் சீலா இழுத்தவர். ஆள்காட்டி விரல் மடிப்பில் நரம்பு ஓடிய தழும்பு. மீன் இழுத்தால் விட்டுக் கொடுப்பார், களைத்தால் வாங்குவார். கைதான் அவருக்குக் கம்பு.

ட்ரோலிங் ராடின் வேலையும் அதேதான். படகு மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பக்கம் போகிறது, கவ்விய மீன் இன்னொரு பக்கம் பாய்கிறது. அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளத்தான் கம்பு வளைய வேண்டும், பைக்குக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி. கிராஃபைட் லேசானது, வீசி எறிய சுகமானது. ஆனால் படகு விளிம்பில் ஒரு முட்டு முட்டினால் உள்ளே விரிசல் விடும், மீன் இழுக்கும்போது பட்டென்று உடையும். நாள் முழுக்க ஹோல்டரில் குத்தி நிற்க வேண்டிய ராடுக்கு ஃபைபர்கிளாஸ்தான் தோது. நீளம் ஐந்தரையிலிருந்து ஏழு அடி.

ராடில் 20, 30, 50, 80 என்று பவுண்டு கணக்குப் போட்டிருப்பார்கள். பலரும் அதை மீனின் எடை என்று நினைக்கிறார்கள். அது நரம்பின் பலம். சீலாவுக்கு இருபதோ முப்பதோ போதும். அந்தப் பலத்திலும் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்கு மேல் ரீலை இறுக்கக் கூடாது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை கட்டாதே என்று எங்கள் காமர்ஸ் வாத்தியார் சொன்ன அதே கணக்கு! சீலாவின் பல் பிளேடு மாதிரி. நரம்பின் நுனியில் கம்பி கோத்தே ஆக வேண்டும். ராடின் அடிக்கட்டையில் குறுக்கு வெட்டு இருக்கிறதா பாருங்கள். ஹோல்டருக்குள் இருக்கும் குறுக்குக் கம்பியில் அது உட்கார்ந்தால்தான் ராடு சுழலாது.

பருத்திக்காட்டுக்காரன் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். நரம்பு ஓடுகிற ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே கீறல். பெரிய மீன் வரும் நாளில் நரம்பு அறுவது அங்கேதான்.

இன்னொன்று, போகிற இடம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளை வைத்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் எந்தக் கம்பும் வேண்டாம்.

முப்பது பவுண்டு ராடு இரண்டு வாங்கிக் கடலுக்குப் போனோம். முதல் மீன் கவ்வியதும் சிநேகிதன் ரீலை இறுக்கினான். "விடுங்க அண்ணாச்சி, விடுங்க!" என்று கத்தினார் வல்லக்காரர். அவன் விடவில்லை. மீன் போய்விட்டது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு மீன் போச்சுன்னா ஒரு கதை. எனக்குப் போச்சுன்னா டீசல் காசு."

டெபிட், கிரெடிட் இரண்டையும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. விட்டுக் கொடுப்பது அவருக்குப் பெருந்தன்மை அல்ல, தொழில். எப்போதும் வென்றான் என்று ஊருக்கே பேர் வைத்துக்கொண்ட எங்களுக்கு அது புரியக் கொஞ்ச நேரமாகும்.

ராடு வாங்கப் போகிறீர்களா? விலை கேட்பதற்கு முன்னால் ஒரு வல்லக்காரரைக் கூட அழைத்துப் போங்கள். அன்றைய கூலியைக் கையில் கொடுத்து!