குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை... ஸ்காட்லாந்து கைவிட்ட மூன்றாவது தீர்ப்பு!

ஸ்காட்லாந்து நீதிமன்றம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 15 பேர் கொண்ட ஜூரி, தனியறையில் பேசி முடித்துவிட்டுத் திரும்பி வருகிறது. கூண்டில் நிற்பவருக்குத் தொண்டை வறண்டுபோயிருக்கிறது. பார்வையாளர் வரிசையில், புகார் கொடுத்த பெண் தன் அம்மாவின் கையைப் பற்றியிருக்கிறார். ஜூரியின் சார்பில் ஒருவர் எழுந்து சொல்கிறார்: "நாட் ப்ரூவன்". அதாவது, 'நிரூபிக்கப்படவில்லை'.

கூண்டில் நின்றவர் வீட்டுக்குப் போகலாம். ஆனால், வெளியே வந்ததும் தன் வழக்கறிஞரிடம் அவர் என்ன கேட்பார்? "நான் தப்பு செய்யலைன்னு சொல்லிட்டாங்களா, இல்லையா?" அந்தப் பெண்ணின் மனதிலும் ஒரு கேள்வி இருக்கும். "நான் சொன்னதை நம்பினாங்களா, இல்லையா?"

இருவருக்குமே பதில் கிடையாது.

பல நூற்றாண்டுகளாக ஸ்காட்லாந்தில் மூன்று தீர்ப்புகள் இருந்தன: குற்றவாளி, குற்றவாளி அல்ல, நிரூபிக்கப்படவில்லை. பின்னிரண்டுக்கும் சட்டத்தில் ஒரே பலன்தான், விடுதலை. பிறகு ஏன் இரண்டு சொற்கள்? வித்தியாசத்தை ஜூரிக்கு விளக்க முயல வேண்டாம் என்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் நீதிபதிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. நீதிபதியே விளக்காத சொல்லைக் கட்சிக்காரருக்கு விளக்க வேண்டிய வேலை சொலிசிட்டர் தலையில் விழுந்தது. அங்கே கட்சிக்காரரை முதலில் சந்தித்து, நடந்ததைக் கேட்டு, வழக்கைத் தயார் செய்பவர் அவர்தான்.

வாளும் விஷமும்

17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜூரியின் வேலை சுருக்கப்பட்டது. இன்ன சம்பவம் நிரூபிக்கப்பட்டதா, இல்லையா என்று மட்டும் அவர்கள் சொன்னால் போதும். குற்றமா, இல்லையா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

1728-ல் கார்னகி என்ற நிலக்கிழார், குடிபோதையில் தன்னை அவமானப்படுத்தியவர் மீது வாளோடு பாய்ந்தார். குறுக்கே வந்த ஸ்ட்ராத்மோர் பிரபுவின் உடலில் வாள் பாய்ந்தது, அவர் இறந்துபோனார். கொன்றது யார் என்பதில் சந்தேகமே இல்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்று சொன்னால், தூக்குதான். கார்னகியின் வழக்கறிஞர் ராபர்ட் டண்டாஸ், "குற்றவாளி அல்ல என்று சொல்லும் பழைய உரிமை உங்களுக்கு உண்டு" என்று ஜூரியிடம் வாதாடினார். ஜூரி அப்படியே சொன்னது. கார்னகி தப்பினார். அந்தப் பழைய தீர்ப்பு திரும்பி வந்தது. 'நிரூபிக்கப்படவில்லை' என்பதும் போகாமல் கூடவே தங்கிவிட்டது.

1857-ல் கிளாஸ்கோவின் கட்டடக் கலைஞர் ஒருவரின் மகள் மேடலின் ஸ்மித், ரகசியக் காதலருக்கு ஆர்சனிக் விஷம் கொடுத்ததாக எடின்பரோ நீதிமன்றத்தில் நின்றார். கொலைக் குற்றச்சாட்டுக்கு 'நிரூபிக்கப்படவில்லை' என்று ஜூரி சொன்னது. லண்டன் போய் கல்யாணம் செய்துகொண்டார், கடைசிக் காலத்தில் அமெரிக்காவில் வாழ்ந்தார், 1928-ல் இறந்தார். "செய்தாளா, இல்லையா?" என்ற கேள்வி மட்டும் இன்னும் சாகவில்லை.

சொலிசிட்டர்கள் கொடுத்த எச்சரிக்கை

இந்தத் தீர்ப்பு மற்ற வழக்குகளைவிட பாலியல் வன்கொடுமை வழக்குகளில்தான் அதிக விகிதத்தில் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 64 மாதிரி ஜூரிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. இந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருந்தார்கள் என்பது அதில் தெரிந்தது.

2023-ல் மசோதா வந்தது. ஜூரியே இல்லாமல், நீதிபதி மட்டும் வன்கொடுமை வழக்குகளை விசாரிக்கும் சோதனைத் திட்டமும் அதில் இருந்தது. 'அப்படியான வழக்குகளில் ஆஜராக மாட்டோம்' என்று சொலிசிட்டர் சங்கங்கள் எச்சரித்தன. அடுத்த ஆண்டு, அந்தப் பகுதியை அரசு கைவிட்டது.

மிச்சமிருந்த மசோதா 2025 செப்டம்பரில் நிறைவேறியது. 2026 ஜனவரி 1 முதல் தொடங்கும் விசாரணைகளில் இரண்டே தீர்ப்புகள்தான். கூடவே இன்னொரு மாற்றம். முன்பு 15 பேரில் 8 பேர் சொன்னாலே ஒருவர் குற்றவாளி. இனி மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10 பேர் சொல்ல வேண்டும். மூன்றாவது தீர்ப்பு போனால் அப்பாவிகள் சிறைக்குப் போகலாம் என்ற பயத்துக்கு அரசு கொடுத்த பதில் இது.

இப்போது சொலிசிட்டரின் மேசைக்கு முன்னால் உட்காரும் கட்சிக்காரரிடம் விஷயத்தைச் சொல்வது முன்பைவிட எளிது. விடுதலையானால் எந்த ஒட்டும் இல்லாத 'குற்றவாளி அல்ல'. பெயரோடு ஒரு கேள்விக்குறி தொங்காது.

அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் இன்னும் கடினம். 15 பேரில் 9 பேர் அவரை முழுதாக நம்பியிருந்தாலும், இனி தீர்ப்பு 'குற்றவாளி அல்ல' என்றே வரும். அறைக்குள் பேசியதை ஜூரி வெளியே சொல்லவும் சட்டம் விடாது. பாலியல் வழக்குகளில், அவருடைய கடந்தகால அந்தரங்கத்தை எதிர்த்தரப்பு சாட்சியமாக்க அனுமதி கேட்டால், அவருக்கென்று தனி வழக்கறிஞர் நின்று பேச இதே சட்டம் வழிசெய்கிறது. அந்த வழக்கறிஞராவது விசாரணைக்கு முன்பே அவரை உட்காரவைத்து, ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லிவிட வேண்டும்: 'குற்றவாளி அல்ல' என்றால், 'நீ பொய் சொன்னாய்' என்று அர்த்தம் இல்லை.