பத்துப் பவுண் ட்ராம்

செட்டிகுளத்தில் ட்ராம் ஓடியதில்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு 1914இல் திறந்த பாதையும் அதில் ஓடிய கோச்சியும்தான் எங்களுக்குத் தெரிந்தவை. அதனால், ரொறன்ரோவில் இருக்கும் மருமகன் சனிக்கிழமைகளில் ட்ராம் பெட்டிக்குப் பெயின்ற் சுரண்டப் போகிறான் என்று அக்கா சொன்னபோது, ஏதோ பகுதிநேர வேலை என்றே நினைத்தேன். போனில் கேட்டேன்.

"எவ்வளவு தாறாங்கள்?"

"ஒண்டும் இல்லை மாமா. நான்தான் சந்தா கட்டுறன்."

கைக்காசையும் கொடுத்து உடம்பையும் முறிக்கும் இந்த வழக்கத்தை ஆர் தொடக்கி வைத்தது? அன்றிலிருந்து அதைத் தேடத் தொடங்கினேன்.

அவன் போகும் இடம் ஹால்ரன் கவுன்ரி றேடியல் றெயில்வே என்ற நூதனசாலை. ரொறன்ரோவில் 1910இல் கட்டிய 1326ஆம் இலக்க மரப் பெட்டியை உடைக்க விடாமல் வாங்க, 1954இல் சிலர் ஒன்றுசேர்ந்ததில் பிறந்தது. 1931இல் மூடிய ஒரு மின்சார றெயில் பாதையின் நிலத்திலேயே தண்டவாளம் போட்டு, மேலே கம்பி இழுத்து, பெட்டிகளைத் திரும்பவும் ஓட்டுகிறார்கள். வேலையைப் பற்றி மருமகன் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். மரப் பெட்டிக்கு முதல் எதிரி தண்ணீர். கூரையில் ஒட்டிய கன்வஸ் துணி வெடித்தால் மழை உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் தூண்களை உக்க வைத்துவிடும். பெயின்ற் சுரண்டும்போதுதான் அது வெளிக்கும். உக்கிய துண்டை அப்படியே எறியவும் கூடாது. அதை வைத்துத்தான் புதியதற்கு அளவெடுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாக அழிந்திருந்தால் மற்றப் பக்கத்தைப் பார்த்துச் செதுக்குவார்கள். எங்கள் தச்சு ஆசாரிமாருக்கு இது புதினமில்லை. சம்பளமில்லாமல் செய்வதுதான் புதினம்.

இங்கிலாந்தில் கதை இன்னும் பின்னுக்குப் போனது. 1948இல் சவுத்தாம்ரன் நகரத்து ட்ராம்களை வழியனுப்பப் போன ஆர்வலர்கள், திரும்பும்போது 45ஆம் இலக்க வண்டியைப் பத்துப் பவுணுக்கு வாங்கிவிட்டார்கள். நிறுத்த இடமில்லை, ஓட்டப் பாதையில்லை. அதற்கொரு வீடு தேடிய ஓட்டம் 1959இல் கிரிச் என்ற ஊரின் கைவிட்ட கல் குவாரியில் போய் நின்றது. இன்று அது பெரிய ட்ராம் நூதனசாலை.

அதற்கும் முந்தியது அமெரிக்காவின் மெயின் மாநிலம். 1939இல் சில நண்பர்கள் 150 டொலர் கொடுத்து 31ஆம் இலக்கத் திறந்த பெட்டியொன்றை வாங்கி, மின்சாரமே இல்லாத ஒரு வெளியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊர்ச்சனம் சிரித்திருக்கும், நானும் சிரித்திருப்பேன். சீஷோர் ட்ரொலி நூதனசாலை அந்த ஒற்றைப் பெட்டியில் தொடங்கியதுதான்.

இந்த ஆண்டுகள் கிட்டக்கிட்ட விழுவதற்குக் காரணம் இருக்கிறது. பஸ்ஸும் காரும் பெருகி, நகரம் நகரமாக ட்ராமை உடைத்த காலம் அது. அந்த அலை எங்கள் பக்கமும் அடித்தது. 1895இல் ட்ராம் கண்ட சென்னை 1953இல் நிறுத்தியது. கொழும்பில் பௌஸ்டெட் கம்பனி 1899இல் தொடக்கி, கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓட்டிய ட்ராமை 1944இல் மாநகரசபை வாங்கியது. 1960இல் அதுவும் முடிந்தது. அந்த ட்ராமை எங்கள் சரித்திரம் நினைப்பது 1929இல் ஏ. ஈ. குணசிங்க நடத்திய வேலைநிறுத்தத்துக்காக. ஓட்டியவனுக்கு அது கூலிப் பிரச்சினை, ஏறியவனுக்கு வெள்ளைக்காரக் கம்பனியின் வண்டி. பத்துப் பவுண் கொழும்பில் பலரிடம் இருந்தது. அந்த வண்டியைத் தன்னுடையதென்று நினைக்க ஆளில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தக் கணக்கை எங்கள் பாதைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. கோச்சியை எங்களுடையதென்றுதான் நினைத்தோம். போட் மெயிலில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் இறங்கியவர்களின் கதை கேட்டு வளர்ந்த ஊர் இது. 1964 புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. 1990இல் யுத்தம் கோச்சியை நிறுத்தியது. வன்னியில் தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கருக்குக் கூரையாகின. உயிருக்குப் பயந்து வீட்டுக் கதவையே விட்டுப்போட்டு ஓடிய சனத்திடம், ஒரு பெட்டியையாவது காப்பாற்றியிருக்கலாமே என்று கேட்பது அநியாயம். 2009க்குப் பிறகு உலகத்துக்குச் செட்டிகுளம் என்றால் மெனிக்பாம் முகாம். இங்கே றெயில்வே ஸ்ரேசன் இருந்ததை ஆர் கேட்டார்கள்?

இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2013இல் மடு வரைக்கும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரைக்கும் கோச்சி வந்தது. எல்லாம் புதுசு.

மருமகன் வந்தால் கடுகண்ணாவையில் 2014இல் திறந்த றெயில்வே நூதனசாலையைப் பார்க்க வேணுமாம். பார்க்கட்டும். அதற்கு முதல் செட்டிகுளத்தில் கோச்சி ஏற்றி, தலைமன்னாரின் பழைய இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். எதைச் சுரண்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அவன் சொல்லட்டும்.